ஷெல்லை மாற்றினால் ஆர்சி கார் ஏன் வேறு மாதிரி ஓடுகிறது?

ஆர்சி டூரிங் கார் (ரிமோட்டில் ஓடும், சாலைக் கார் வடிவிலான பந்தய வண்டி) ஓட்டிப் பழகியவர்களுக்குச் சீக்கிரமே ஒரு குழப்பம் வரும். டயர் பழையது, ஸ்பிரிங் பழையது, மேலே மூடியிருக்கும் ஷெல் மட்டும் புதியது. மெதுவான வளைவில் வண்டி எப்போதும்போலத் திரும்புகிறது. நேர்பாதை முடிந்ததும் வரும் வேகமான வளைவில் மட்டும் வால் வழுக்கிச் சுழன்றுவிடுகிறது. அழகுக்குப் போட்ட மூடி இப்படிச் செய்யுமா?

செய்யும். ஷெல் அழகுக்கு மட்டும் இருப்பதல்ல. ஸ்பிரிங், டயர் போல அதுவும் வண்டியின் பிடிப்பைத் தீர்மானிக்கும் பாகம்தான். ஒரே வித்தியாசம், மற்ற பாகங்கள் எல்லா வேகத்திலும் வேலை செய்யும். ஷெல் வேகம் கூடக் கூடத்தான் வேலை செய்யும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

ஷெல் என்பது என்ன?

பாலிகார்பனேட் (எளிதில் உடையாத, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) தாளைச் சூடாக்கி அச்சின் மேல் உறிஞ்ச வைத்து உருவாக்கும் மெல்லிய கூடு அது. பெயின்ட்டை உள்பக்கம் அடிப்பார்கள். வெளியே கீறல் விழுந்தாலும் நிறம் போகாது. 10-ல் 1 பங்கு அளவுள்ள மின்சார டூரிங் காருக்கு இதன் அகலம் சுமார் 190 மில்லிமீட்டர். பாடி போஸ்ட் (சேஸிஸிலிருந்து, அதாவது வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து, எழும் பிளாஸ்டிக் கம்பம்) மேல் உட்கார வைத்துக் கிளிப் மாட்டிவிடுவார்கள்.

டமியா நிறுவனம் 1991-ல் டிஏ01 சேஸிஸைக் கொண்டுவந்த காலத்தில் உண்மைக் காரைப் போலவே இருப்பதுதான் ஷெல்லின் பெருமை. பந்தயம் தீவிரமான பிறகு கதை மாறியது. புரோட்டோஃபார்ம் போன்ற நிறுவனங்களின் ஷெல்களில் ஸ்ட்ராட்டஸ், மஸ்டா 6 என்ற கார்ப் பெயர்கள் இருந்தன. ஓட்டுநர்கள் அவற்றை வாங்கியது காற்றில் அவை நடந்துகொள்ளும் விதத்துக்காக.

இவ்வளவு சின்ன வண்டியைக் காற்று என்ன செய்துவிடும்?

சின்ன வண்டி என்பதால்தான் அதிகம் செய்கிறது. ஒரு காரை எல்லாப் பக்கமும் 10-ல் 1 பங்காகச் சுருக்குங்கள். காற்று படும் பரப்பு 100-ல் 1 பங்காகும். எடையோ 1,000-ல் 1 பங்காகிவிடும். அதாவது, ஒரே வேகத்தில் ஓடினால், எடையோடு ஒப்பிட்டுப் பார்க்கையில் சின்ன வண்டியின் மேல் காற்றின் விசை 10 மடங்கு. விசை 10 மடங்காக, வேகம் 3 மடங்குக்குச் சற்று மேல் கூடினாலே போதும் (காரணம் அடுத்த கேள்வியில்). இந்தக் கணக்குப்படி 80 கி.மீ. வேகத்தில் ஓடும் ஆர்சி காருக்குக் காற்று ஒரு பெரிய காருக்கு 250 கி.மீ. வேகத்தில் இருப்பதைப் போன்றது.

80 கி.மீ. வேகத்தில் நேராக மோதும் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 3 கிராம் எடை வைத்ததுபோல அழுத்தும். விங் (வாலின் மேல் நிற்கும் பிளாஸ்டிக் தட்டு) 18 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகலமும் இருந்தால் பரப்பு 72 சதுர சென்டிமீட்டர். அது படுத்த நிலையில் இருப்பதால் முழு அழுத்தமும் கிடைக்காது; 100 கிராம் அளவுக்கு வாலை அழுத்தினாலே போதும். சுமார் 1,350 கிராம் எடையுள்ள வண்டியில் பின்டயர்கள் தாங்குவதே 700 கிராமுக்குள்தான்.

என் வண்டி அவ்வளவு வேகம் போகாதே?

நியாயமான கேள்வி. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும்: வேகம் 2 மடங்கானால் விசை 4 மடங்கு, 3 மடங்கானால் 9 மடங்கு. கிட்டில் வரும் சாதாரண மோட்டாரோடு 25, 30 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டிக்கு, 80-ல் கிடைக்கும் விசையில் 9-ல் 1 பங்குக்கும் குறைவாகவோ சற்றே கூடுதலாகவோதான் கிடைக்கும்.

ஆகவே உங்கள் வண்டி அந்த வகை என்றால் பிடித்த காரின் ஷெல்லையே போடுங்கள். பணத்தை டயரில் செலவழியுங்கள். 50 கி.மீ. தாண்டிய பிறகுதான் ஷெல்லைப் பற்றி யோசிப்பதில் பலன் உண்டு.

காற்று எப்படி வண்டியைக் கீழே அழுத்துகிறது?

காற்றை மேலே திருப்பினால் வண்டி கீழே அழுத்தப்படும். இதுதான் டவுன்ஃபோர்ஸ் (வண்டியைத் தரையோடு அழுத்தும் காற்றின் விசை). சாய்ந்த பானெட்டும் முன்கண்ணாடியும் முன்டயர்கள் பக்கம் அழுத்தும். டிக்கியும் விங்கும் பின்டயர்கள் பக்கம் அழுத்தும். எடையைக் கூட்டாமலே பிடிப்பு கூடுவதுதான் இதில் லாபம். வண்டியில் 100 கிராம் ஈயத்தை ஒட்டினால் வளைவில் அந்த ஈயத்தையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். காற்றில் அந்தச் சுமை இல்லை.

மொத்த அழுத்தம் எவ்வளவு என்பதைவிட, முன்னும் பின்னும் அது எப்படிப் பிரிகிறது என்பதே ஓட்டும்போது உங்கள் விரலுக்குத் தெரியும். கண்ணாடி முன்னே தள்ளி அமைந்த, மூக்கு தாழ்ந்த ஷெல் முன்பக்கம் அதிகம் அழுத்தும். வண்டி வளைவுக்குள் சட்டென்று பாயும். பின்பக்கம் ஈடுகொடுக்காவிட்டால் ஓவர்ஸ்டியர் (வால் வழுக்கி வெளியே போவது) வரும். டிக்கி உயர்ந்து நீண்ட ஷெல்லில் வால் அடங்கி இருக்கும். அளவு மீறினால் அண்டர்ஸ்டியர் (எவ்வளவு திருப்பியும் மூக்கு திரும்பாமல் நேரே ஓடுவது) வரும்.

கோளாறு ஷெல்லிலா, சேஸிஸிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்த வேகத்தில் கோளாறு வருகிறது என்று பாருங்கள். மெதுவான கொண்டையூசி வளைவிலும் வால் வழுக்குகிறதா? அது டயர், ஸ்பிரிங், டிஃபரென்ஷியல் (இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரப் பெட்டி) சம்பந்தப்பட்டது. ஷெல்லைத் தொடவே வேண்டாம்.

மெதுவான வளைவில் எல்லாம் சரி, வேகமான வளைவில் மட்டும் வழுக்குகிறதா? முதல் சந்தேகம் ஷெல் மேல். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். வேகமான வளைவுக்காக ஸ்பிரிங்கை மாற்றுவார்கள்; அங்கே சரியாகும், மெதுவான வளைவுகளில் மூக்கு திரும்பாமல் போய்விடும். காற்றால் வந்ததைக் காற்றால்தான் முதலில் சரிசெய்து பார்க்க வேண்டும்.

புது ஷெல் வாங்காமல் எதையெல்லாம் மாற்றலாம்?

முதலாவது, ஷெல் உட்காரும் இடம். துளை போடும் முன் ஷெல்லைச் சேஸிஸ் மேல் வைத்து 2, 3 மில்லிமீட்டர் முன்னே தள்ளினால் முன்பிடிப்பு கூடும். பின்னே தள்ளினால் வால் அடங்கும். சக்கரங்கள் ஷெல்லில் உரசாத அளவுக்குத்தான் தள்ள முடியும். துளையை முதலிலேயே பெரிதாகப் போட்டுவிடாதீர்கள். ரீமர் (துளையை மெல்ல மெல்ல அகலமாக்கும் கூம்புக் கருவி) கொண்டு, போஸ்ட் நுழையும் அளவுக்கு மட்டும் திறக்கவும். தளர்ந்த துளையில் ஷெல் ஓடும்போதே நகரும். நீங்கள் செய்த மாற்றத்துக்கு அர்த்தமே இருக்காது.

இரண்டாவது, உயரம். முன்பக்கத்தைத் தாழ்த்தினால் அடியில் புகும் காற்று குறையும், மூக்கு நன்றாகத் திரும்பும். வால் நிற்கவில்லை என்றால் மூக்கை ஒரு கிளிப் துளை உயர்த்திப் பாருங்கள். ஷெல் மொத்தமாகத் தாழ்ந்திருந்தால் எடையும் தாழ்வாக அமையும், வண்டி குறைவாகச் சாயும்.

மூன்றாவது, விங். அதைச் சற்று நிமிர்த்தினால் பின்பிடிப்பு கூடும். பின்விளிம்பில் சில மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு உதட்டை விட்டு வெட்டினாலும் அதே பலன். ஆனால் விங் பின்அச்சுக்கும் பின்னால் நிற்கிறது. வாலை அழுத்தும்போது மூக்கைக் கொஞ்சம் தூக்கவும் செய்யும். கூடவே வேகமும் குறையும். அடக்கமான 17.5 டர்ன் மோட்டார் வகுப்பில் ஓட்டுபவர்கள் இந்த இழப்பை நேர்பாதையில் உணர்வார்கள். பந்தயத்தில் ஓட்டுவதாக இருந்தால் விங், ஷெல் அளவுகளைப் போட்டி விதியோடு ஒப்பிட்டுவிட்டு வெட்டுங்கள்.

உள்ளே போகும் காற்று?

முன்னாலும் சக்கர இடுக்குகளாலும் புகும் காற்று ஷெல்லின் பின்சுவரில் போய் முட்டும். பின்பம்பர் கீழே தொங்கினால் அது எதிர்க்காற்றில் விரித்த குடைபோல வண்டியை இழுக்கும், சில நேரம் வாலைத் தூக்கவும் செய்யும். ஷெல்லில் அச்சிட்ட வெட்டுக்கோட்டுக்குக் கீழே பிளாஸ்டிக்கை விட்டுவைக்காதீர்கள்.

மெல்லிய ஷெல் வாங்கலாமா?

எடை குறைந்த ஷெல்கள் விற்கின்றன. உயரத்தில் இருக்கும் எடை குறைவதால் வண்டி சுறுசுறுப்பாகும். ஆனால் மெல்லிய தாள் வேகத்தில் காற்றுக்கு வளையும். வடிவம் மாறினால் அழுத்தமும் மாறும். மோதினால் சீக்கிரம் கிழியும். பழகும் காலத்தில் சாதாரண கனமே நல்லது. விங் நிற்கும் இடத்தின் உள்பக்கமும் சக்கர வளைவுகளின் ஓரமும் வலைநாடா வைத்து ரப்பர் பசை பூசிவிட்டால் எளிதில் கிழியாது, வளைவதும் குறையும்.

ஓட்டி முடித்ததும் ஷெல்லைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். சக்கர வளைவின் உள்பக்கம் கறுப்புத் தேய்மானம் இருந்தால் வளைவில் ஷெல் டயர் மேல் படுகிறது என்று பொருள். மூக்கின் அடிவிளிம்பு சொரசொரவென்று தேய்ந்திருந்தால் வேகத்தில் மூக்கு தாழ்ந்து தரையில் உரசுகிறது. அப்போது முன்பம்பரின் ஸ்பாஞ்சுக்கும் ஷெல்லுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி இருந்தால் அங்கே ஒரு துண்டு ஸ்பாஞ்சை ஒட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். புது ஷெல் வாங்க வைத்திருந்த பணம் மிஞ்சும்.

எந்த வரிசையில் முயல்வது?

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். முதலில் உரசலைச் சரிசெய்யுங்கள். அடுத்து விங்கின் கோணம். பிறகு ஷெல்லின் உயரம். இவை மூன்றிலும் தீராவிட்டால் மட்டும் வேறு வடிவ ஷெல். ஒவ்வொரு முறையும் அதே டயர், முழுச் சார்ஜ் ஏறிய பேட்டரி, பந்தய நேரமான 5 நிமிட ஓட்டம். வேகமான வளைவு, மெதுவான வளைவு இரண்டையும் பற்றித் தனித்தனியே ஒரு வரி எழுதிவையுங்கள். வேகமான வளைவின் வரி மட்டும் மாறிக்கொண்டே வந்தால் சரியான பாகத்தைத்தான் தொட்டிருக்கிறீர்கள்.