கணனியில் வகையும் வகுப்பும்

நிரலாக்கம் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது 'வகை', 'வகுப்பு' இரண்டும் என்ன என்பதுதான்.

வகை என்பது ஒரு தரவு எப்படிப்பட்டது, அதை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்வது. ஜாவா மொழியில் 'இன்ட்' முழு எண், கூட்டலாம், கழிக்கலாம். 'ஸ்ட்ரிங்' எழுத்துகளின் தொடர். தொலைபேசி இலக்கத்தை இன்ட் ஆக வைத்தால் முன்னாலுள்ள பூச்சியம் காணாமற் போய்விடும். அதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை; ஆகவே ஸ்ட்ரிங்தான் பொருத்தம்.

வகுப்பு என்பது நாமே ஆக்கும் புதிய வகை. ஓர் அச்சுப் போன்றது. அதில் வார்க்கப்படும் ஒவ்வொன்றும் ஒரு 'பொருள்'. ஒஸ்லோவில் டால், நைகார்ட் இருவரும் ஆக்கிய 'சிமுலா 67' மொழியிலேயே இந்த வகுப்பு முறை வந்துவிட்டது.

'ஆள்' என்ற வகுப்பில் குடும்பப் பெயர் கட்டாயம் என்று ஒருவர் எழுதிவிட்டால் எங்கள் பாடு என்ன? தகப்பன் பெயரை அந்தக் கட்டத்தில் நிரப்புகிறோம். தகப்பனுக்கு ஒரு குடும்பப் பெயர், பிள்ளைக்கு இன்னொன்று என்றாகிறது. இதைத் தீர்மானித்தது கணனி அல்ல, வகுப்பை எழுதிய மனிதர். 'முழுப்பெயர்' என்று ஒரே ஸ்ட்ரிங் வைத்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

நாளை அந்த வகுப்பை எழுதப்போவது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம். இதை அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.