ரப்பர்ப் பட்டை நீடித்து உழைக்க

செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு கலக்கும் திருமுக்கூடலுக்கு எதிர்க்கரையில் அமைந்த ஊர் பழையசீவரம். காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரிலும், ஆற்றுக்கு அப்பால் உத்திரமேரூர் வட்டாரத்திலும் நெல்லே முக்கியப் பயிராகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்து சம்பா முற்றும் வேளையிலும் பல வயல்களில் ஈரம் முழுதும் காய்ந்திருப்பதில்லை. அரிவாள் பிடிக்கும் ஆட்களோ அருகிவிட்டனர். ஆகவே சேற்றில் இறங்கி அறுக்கவல்ல ரப்பர்ப் பட்டை அறுவடை இயந்திரத்தையே குடியானவர்கள் நாடுகின்றனர். ‘செயின் வண்டி’ என்று ஊரார் வழங்குவது இதனையே.

அறுவடை நாளில் பட்டை அறுந்தால் நட்டம் வண்டிக்காரருக்கு மட்டும் அன்று. முற்றிய கதிர் உதிரத் தொடங்கும். ஒரு மழை பெய்தால் பயிர் சாயும். வரிசையில் காத்திருக்கும் அடுத்த வயல்களும் தாமதப்படும். ஆகையால் பட்டை எதனால் கெடுகிறது என்பதை ஓட்டுநரும் உழவரும் அறிந்திருத்தல் அவசியம்.

பட்டையின் அமைப்பு

வெளிப்பார்வைக்கு ரப்பராகத் தோன்றினும், பட்டையின் உள்ளே எஃகுக் கம்பி வடங்கள் சுற்றிலும் ஓடுகின்றன. பற்சக்கரம் பற்றி இழுப்பதற்காக இரும்புத் துண்டுகளும் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. இயந்திரத்தின் பாரம் உருளைகள் வழியே பட்டையில் பரவித் தரையில் இறங்குகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 3,000 கிலோ எடையுள்ள இயந்திரத்தின் இரு பட்டைகளும் சேர்ந்து 15,000 சதுர சென்டிமீட்டர் பரப்பில் படிந்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 200 கிராம் பாரமே விழும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இரு பாதங்களையும் ஊன்றி நிற்கும்போது விழும் பாரமும் ஏறக்குறைய இவ்வளவே. சேற்றில் இவ்வண்டி புதையாமைக்குக் காரணம் இதுவேயாகும்.

தேய்மானம் எங்கே?

வயற்சேறு பட்டைக்குப் பகையன்று. ஈரம் உராய்வைக் குறைக்கிறது. தார்ச்சாலையும், சரளைக்கல்லும், காய்ந்து இறுகிய தரையுமே ரப்பரை அராவுகின்றன. வெயிலில் காய்ந்த சாலையில் நெடுந்தூரம் ஓட்டினால் பட்டை சூடேறி விரைந்து தேயும். எனவே ஊர்விட்டு ஊர் செல்லும்போது இயந்திரத்தை லாரியில் ஏற்றிச் செல்வதே முறை. ஏற்றுப்பலகையில் நேராக, மெதுவாக ஏற்றுக, பலகையின்மேல் திருப்பலாகாது.

அடுத்த பகை, நின்ற இடத்திலேயே சுழற்றித் திருப்புவது. ஒரு பட்டை நின்றும் மற்றது ஓடியும் திரும்புகையில், தரை பட்டையைப் பக்கவாட்டில் இழுக்கிறது. ரப்பர்க் கட்டைகள் சிதைவதும், பட்டை கழன்று விழுவதும் இதனாலேயே மிகுதி. சிறிது முன்சென்று, சிறிது பின்வந்து, அகன்ற வளைவாகத் திருப்புதல் நன்று. வயலை எப்போதும் ஒரே திசையில் சுற்றி அறுப்பதால் ஒரு பக்கத்துப் பட்டை முந்தித் தேய்வதும் உண்டு. கையேடு அனுமதிக்குமாயின் இரு பட்டைகளையும் இடம்மாற்றிப் பூட்டலாம்.

வரப்பை எப்போதும் நேர்க்குத்தாகவே கடக்க வேண்டும். சாய்வாக ஏறினால் பட்டையின் ஓரம் மட்டும் பாரந்தாங்கிக் கிழியும். உயர்ந்த வரப்பாயின் மண்வெட்டியால் சரித்து வழி செய்து கொள்க.

இறுக்கத்தின் அளவு

பட்டை தளர்ந்திருந்தால் பற்சக்கரம் தாவும். திரும்புகையில் பட்டை கழலும். மிகையாக இறுக்கினாலோ கம்பி வடங்களும், உருளைகளின் பேரிங்குகளும் வீணாகும். இயந்திரத்தைத் தரையினின்று உயர்த்தி, அசையாதபடி முட்டுக் கொடுத்தபின், பட்டையின் தொய்வைக் கையேட்டில் கண்ட அளவோடு ஒப்பிட வேண்டும். புதிய பட்டை முதல் சில நாள்களில் சற்றுத் தளரும். ஆதலின் அதனை அடிக்கடி சோதிக்க. கிரீஸ் அழுத்தத்தால் இறுக்கும் அமைப்பாயின், வால்வை மெல்லத் தளர்த்துக. அதற்கு நேரே முகம் வைத்தல் ஆபத்து.

நாள்தோறும் செய்ய வேண்டுவன

மாலையில் வேலை முடிந்ததும், சேறு காயுமுன்பே, இயந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, உருளைகளிடையே சிக்கிய சேற்றையும் வைக்கோலையும் அகற்றுக. இரவில் இறுகிய மண் மறுநாள் பட்டையை அளவுமீறி இழுக்கும். பிறகு பட்டை முழுவதையும் பார்வையிடுக. வெட்டுக்காயத்தின் வழியே நீர் புகுந்தால் உள்ளிருக்கும் எஃகு வடம் துருப்பிடிக்கும். வெளிக்கு நலமாய்த் தோன்றும் பட்டை ஒருநாள் திடீரென அறும். டீசலும் எண்ணெயும் ரப்பரை ஊறச்செய்து மெலிவிக்கும். சிந்தினால் உடனே கழுவுக. வேலையில்லாத காலத்தில் இயந்திரத்தை நிழலில் நிறுத்துக.

உழவரின் பங்கு

பாதிப் பாதுகாப்பு உழவரின் கையில் உள்ளது. அறுவடைக்குப் பத்து நாள் முன்னரே நீரை வடிக்க வேண்டும். வயலில் கிடக்கும் கற்களையும் கம்பித் துண்டுகளையும் பொறுக்கி அகற்றுக. வரப்பருகே உள்ள குழாய், எல்லைக்கல், கட்டைவேர் ஆகியவற்றிற்குக் கொடி நட்டு அடையாளம் செய்க. அடுத்தடுத்த வயலுக்காரர்கள் கூடிப் பேசி, ஒரே நாளில் வரிசையாக அறுப்பார்களாயின், இயந்திரம் சாலையேறும் தேவையே குறையும். மணிக்கணக்கில் செலுத்தும் வாடகையும் மிச்சமாகும்.

வேளாண்மைப் பொறியியல் துறை இவ்வகை இயந்திரங்களை வாடகைக்கு வழங்கி வருகிறது. இயந்திரம் அரசினுடையதாயினும் தனியாருடையதாயினும், அதன் தேய்மானச் செலவு முடிவில் குடியானவரின் வாடகையிலேயே வந்து சேரும். மாட்டின் குளம்பைப் பார்த்து லாடம் கட்டிய நம்மவர்க்கு இந்தக் கவனிப்புப் புதிதன்று. பட்டையைக் காப்பவர், களத்துக்கு வரவேண்டிய நெல்லைக் காப்பவராவர்.