முதலாளி இல்லாத பேச்சு மேடை!

அரக்கோணம் ரெயில் நிலையம். திருத்தணிக்குப் போகிறவர்கள், காஞ்சீபுரத்துக்குப் போகிறவர்கள், காட்பாடிக்குப் போகிறவர்கள் எல்லோரும் வண்டி மாறும் இடம். ஒரு பெஞ்சில் தமிழ் கேட்கும். அடுத்த பெஞ்சில் தெலுங்கு கேட்கும்.

காத்திருப்பவர்களில் பலருடைய கண்கள் கைபேசியில் இருக்கின்றன. முகம் தெரியாதவர்களோடு பேசுகிறார்கள், வாதாடுகிறார்கள். அந்தப் பேச்சு நடக்கும் இடம் யாருக்குச் சொந்தம்?

பெரும்பாலும் ஒரு கம்பெனிக்கு! கம்பெனி கதவைச் சாத்தினால், பேசியவர் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

வக்கீலுக்கு வந்த வினை

சுப்ரீம் கோர்ட்டு மூத்த வக்கீல் சஞ்சய் ஹெக்டேக்கு இப்படித்தான் நேர்ந்தது. 2019 அக்டோபரில் 'டுவிட்டர்' கம்பெனி அவருடைய கணக்கை முடக்கியது. முகப்பில் அவர் வைத்திருந்த பழைய படம்தான் காரணம். 1936-ல் ஜெர்மனியில் எடுத்த படம் அது. கூட்டமே ஹிட்லர் பாணியில் கை நீட்டுகிறது. ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்!

கணக்கு திரும்பக் கிடைத்தது. மறுபடியும் முடக்கப்பட்டது. கோபம் கொண்ட பலர், அடுத்த மாதம் 'மாஸ்டோடன்' என்ற இடத்துக்குக் குடிபோனார்கள்.

மாஸ்டோடன் என்பது யானையைப் போன்ற, அழிந்துபோன ஒரு மிருகம். அந்தப் பெயரில் இதை 2016-ல் உண்டாக்கியவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ரோச்கோ என்ற இளைஞர்.

இதற்கு ஒரே முதலாளி கிடையாது. ஆயிரக்கணக்கான 'சர்வர்'கள் உண்டு. ஓட்டலில் இட்லி கொண்டு வருகிறவர் அல்ல. செய்திகளைச் சேர்த்து வைத்து அனுப்பும் கம்ப்யூட்டர்! ஒவ்வொன்றும் ஒரு ரெயில் நிலையம் மாதிரி. நடத்துகிறவர் வேறு, சட்டதிட்டம் வேறு. தண்டவாளம் மட்டும் பொது. ஆகவே ஒரு நிலையத்தில் இருப்பவர் மற்ற நிலையத்தாருடன் பேசலாம்.

கைகாட்டி இறங்கவில்லை

சரி, இப்படிப்பட்ட ஊரில் போக்கிரி புகுந்தால்?

2019 ஜூலையில் அதுவும் நடந்தது. இனவெறிப் பேச்சுக்குப் பெயர்போன 'கேப்' என்ற அமெரிக்கக் கம்பெனி, மாஸ்டோடன் மென்பொருளை எடுத்துப் பயன்படுத்தியது. அது எல்லோருக்கும் இலவசம். உண்டாக்கியவராலேயே தடுக்க முடியவில்லை!

மற்ற நிலையத்தார் பலர் ஒரு காரியம் செய்தார்கள். அங்கிருந்து வரும் வண்டிக்குக் கைகாட்டியை இறக்கவில்லை! கேப் மூடப்படவில்லை. அங்கே அவர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தச் சத்தம் இங்கே கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தூக்கம் கெட்ட காவல்

கஷ்டமும் உண்டு. நிலையத்தை நடத்துகிறவர்களில் பலர் சம்பளம் வாங்காதவர்கள். புகார் வந்தால் அவர்கள்தான் படிக்க வேண்டும். எது வாதம், எது வசை என்று தீர்மானிக்க வேண்டும். தமிழே தெரியாத காவல்காரரிடம் தமிழ் வசவைப் பற்றிப் புகார் செய்தால் என்ன நியாயம் கிடைக்கும்?

2023-ல் 'மாஸ்டோடன் டாட் லால்' என்ற நிலையம் மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஓயாத சண்டையும் வசையும் நடத்தியவரைச் சலிப்படைய வைத்துவிட்டன. ஆயிரக்கணக்கானோர் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. தம்மைப் பின்தொடர்பவர்களை அழைத்துப் போகலாம். எழுதிய பழைய எழுத்தைப் புது இடத்துக்கு மாற்ற முடியாது!

சேர விரும்புகிறவர்கள் முதலில் நிலையத்தின் அறிமுகப் பக்கத்தைப் படிக்கலாம். சட்டதிட்டமும் நடத்துகிறவர் யார் என்பதும் அங்கே இருக்கும். எந்தெந்த நிலையங்களுக்குக் கைகாட்டி இறங்காது என்ற பட்டியலைக்கூடச் சிலர் அங்கே ஒட்டி வைத்திருக்கிறார்கள். காவலுக்கு இருப்பவர் ஒரே ஆளா, முறை வைத்துப் பார்க்கும் நாலு பேரா என்பதையும் கேட்டுவிடுவது நல்லது.