அளந்த பின்பே குற்றம் சொல்வோம்

ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதித்ததும், எஞ்சினுக்குக் காற்று செல்லும் வழியில் 'த்ராட்டில்' என்னும் தகடு திறக்கிறது. அது எவ்வளவு திறந்துள்ளது என்று காரின் கணினிக்கு அறிவிக்கும் சிறு கருவியே 'த்ராட்டில் பொசிஷன் சென்சார்'.

வானொலியில் ஒலியைக் கூட்டும் குமிழைப் போன்றதே இதுவும். குமிழ் தேய்ந்தால் வானொலி கரகரக்கும். சென்சார் தேய்ந்தால் கார் குலுங்கும். நடுச்சாலையில் நின்றுவிடவும் கூடும்.

இதைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். எஞ்சினை ஓடவிடாமல் இக்னிஷனை மட்டும் போட வேண்டும். முதலில், சென்சாருக்கு 5 வோல்ட் மின்சாரம் வருகிறதா எனப் பார்க்க வேண்டும். வராவிட்டால் குறை பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும், உடனே சென்சாரைப் பழிக்கலாகாது!

அடுத்து, சிக்னல் கம்பியை அளக்க வேண்டும். பல கார்களில் தகடு மூடியிருக்கையில் சுமார் 0.5 வோல்ட்டும், முழுவதும் திறக்கையில் சுமார் 4.5 வோல்ட்டும் காட்டும். மெல்லத் திறக்கும்போது அளவு சீராக ஏற வேண்டும். இடையில் சட்டென்று விழுந்தால், உள்ளிருக்கும் கரிப்பட்டை தேய்ந்திருக்கலாம். அப்போது சென்சாரை மாற்ற வேண்டும்.

சீராக ஏறியும் தொடக்க அளவு மட்டும் பிசகியிருந்தால், திருகுகளைத் தளர்த்தி, சென்சாரைச் சற்றே திருப்பி, அந்தக் காரின் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்து இறுக்கலாம். இறுக்கிய பின் மீண்டும் அளப்பது அவசியம். திருகுத் துளைகள் நீளவாட்டில் அமைந்த சென்சார்களை மட்டுமே இவ்வாறு திருப்ப முடியும்.

அளந்து பாராமல் நல்ல கருவியைக் கழற்றி எறிவது வீண் செலவு. ஆராயாமல் ஒருவர்மேல் பழி சுமத்துவதோ அதனினும் பெரிய தவறு அல்லவா?