“கீழ்ப்பாக்கம் கேஸ்” என்று கேலி பேசாதீங்க!

காதில் குரல் கேட்பது பேய் அல்ல, நோய்!

சென்னையில் யாராவது கொஞ்சம் ஏறுமாறாகப் பேசினால் போதும். “என்னய்யா, கீழ்ப்பாக்கம் கேசா?” என்று கேட்டுவிடுவார்கள்.

கேட்டவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் வீட்டில் அப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு அதே பஸ்சில் நிற்கும் தாய்க்கு அது நெஞ்சில் முள்!

கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரிக்குப் பலர் எந்த நோய்க்காகப் போகிறார்கள் தெரியுமா? மனச்சிதைவு நோய். டாக்டர்கள் இதை “ஸ்கிசோபிரினியா” என்கிறார்கள்.

குரல் கேட்கும்

பெரும்பாலும் 16 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் இந்த நோய் தலைகாட்டும்.

நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் புத்தகத்தைத் தொடமாட்டான். குளிக்கமாட்டான். அறையை விட்டு வெளியே வரமாட்டான். தானாகப் பேசுவான், தானாகச் சிரிப்பான்.

யாருமே பேசாதபோது அவன் காதில் குரல் கேட்கும். அது திட்டும். கட்டளை போடும். “சோத்துல விஷம் வச்சிட்டாங்க” என்று தட்டைத் தள்ளிவிடுவான்.

அவன் நடிக்கவில்லை. நமக்குப் பஸ் ஹாரன் எப்படி நிஜமோ, அவனுக்கு அந்தக் குரல் அப்படி நிஜம்!

தனக்கு நோய் இருப்பதே பலருக்குத் தெரியாது. அதுவும் இந்த நோயின் குணம்தான். அதனால் அவனோடு வாதாடிப் பயன் இல்லை.

யார் குற்றம்?

“அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா” என்பார்கள். “யாரோ செய்வினை வச்சிட்டாங்க” என்பார்கள்.

இரண்டுமே தவறு. மூளையின் வேலையில் ஏற்படும் கோளாறு இது. பரம்பரையும் ஒரு காரணம். கஞ்சாப் பழக்கம் நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும்.

“இவங்க எல்லாம் அடிப்பாங்க, வெட்டுவாங்க” என்ற பயமும் வேண்டாம். பெரும்பாலானவர்கள் யாரையும் தாக்குவதில்லை. மற்றவர்களைப் பார்த்து அவர்கள்தான் பயந்து ஒதுங்குகிறார்கள்.

சங்கிலியில் போன உயிர்கள்

2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் விடியும் முன்பே தீப்பிடித்தது.

ஓட முடியவில்லை. காரணம், அவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள்! 28 பேர் மாண்டார்கள்.

2017-ம் ஆண்டின் மனநலச் சட்டப்படி, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது.

மருந்து உண்டு

இந்த நோய்க்கு 1950-களிலிருந்தே மருந்து இருக்கிறது. குரல்கள் அடங்கும். பயம் குறையும். மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியும் வந்துவிட்டது.

1961-ல் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் முதல் பெண் கண்காணிப்பாளர் ஆனவர் டாக்டர் சாரதா மேனன். ஓய்வு பெற்றபின் 1984-ல் இந்த நோயாளிகளுக்காகவே சென்னையில் “ஸ்கார்ப்” அமைப்பைத் தொடங்கினார். மருந்தோடு வேலைப் பயிற்சியும் கொடுத்தால் நோயாளிகள் எழுந்து நடப்பார்கள் என்று காட்டியவர் அவர். 2021-ல் காலமானார்.

சிகிச்சையில் இருந்துகொண்டே வேலைக்குப் போகிறவர்கள், குடும்பம் நடத்துகிறவர்கள் உண்டு.

செய்யக்கூடாதவை

“சரியாயிடுச்சு” என்று மருந்தைப் பாதியில் நிறுத்தக்கூடாது. நோய் திரும்பும்!

“ஒரு கல்யாணம் பண்ணி வச்சா தெளிஞ்சிடும்” என்று மறைத்துத் தாலி கட்ட வைக்கக்கூடாது. நோயும் தெளியாது. இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வும் கெடும்.

“சாகப்போறேன்” என்று சொன்னால் அலட்சியம் கூடாது. தனியாக விடாமல் உடனே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், தாமதம் கூடாது. சீக்கிரம் தொடங்கும் சிகிச்சை நன்றாகப் பலிக்கும். ஆனால், “அந்த ஆஸ்பத்திரி வாசல்ல யாராவது பார்த்துட்டா?” என்ற பயத்திலேயே பல குடும்பங்கள் வருடக்கணக்கில் காலம் கடத்துகின்றன.

அந்தப் பயத்தை உண்டாக்குவது பஸ்சிலும் டீக்கடையிலும் நாம் பேசும் கேலிதான்!

ஆலோசனை கேட்க 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இரவு- பகல் எந்நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது.