நடனக் கூடங்களின் குருகுலம்

அயர்லாந்தின் ஜனரஞ்சக சங்கீதத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், 1976-ல் டப்ளின் பள்ளிக்கூடமொன்றின் மாணவர்கள் கூடித் தொடங்கிய யூ-டூ குழுவையோ, 1962 முதல் பழைய நாட்டு மெட்டுகளை உலகெங்கும் கொண்டு சென்ற சீஃப்டன்ஸ் குழுவையோ முதலில் சொல்வது வழக்கமாகிவிட்டது. அவர்களுடைய கீர்த்தி நியாயமானதே. ஆயினும், இளமை தொட்டு இந்தச் சங்கீதத்தில் தோய்ந்து கிடந்த ரசிகன் என்ற உரிமையில் சொல்லுகிறேன்: அந்நாட்டு வாத்தியக்காரர்களுக்கு மெய்யான குருகுலமாக விளங்கியவை, விமர்சகர்கள் அலட்சியமாகப் பேசிப் பழகிவிட்ட ஷோபேண்டுகளே.

ஒரே மாதிரியான கோட்டும் சூட்டும் அணிந்த ஏழெட்டுப் பேர், பித்தளைக் குழல்களும் கித்தார்களும் ஏந்தி, ஐம்பதுகளின் பிற்பகுதி தொடங்கிச் சிற்றூர் நடனக் கூடங்களில் அந்தந்த வாரத்தின் பிரசித்தமான பாட்டுகளையெல்லாம் மணிக்கணக்காக வாசித்தார்கள். தவக்காலத்தில் கூடங்கள் அடைபட்டபோது, இங்கிலாந்தில் பிழைக்கப் போயிருந்த ஐரிஷ் ஜனங்களுக்கு வாசிக்கக் கடல் கடந்தார்கள். சொந்தச் சாஹித்யம் இல்லை என்பது அவர்கள் மீது சாட்டப்படும் குற்றம். எந்தப் பாணியையும் கேட்ட மாத்திரத்தில் விரலுக்குக் கொண்டுவரும் சாதகம் வேறு எங்கே கிடைத்திருக்கும்? பெல்பாஸ்டின் வான் மாரிசனும் அத்தகைய மேடைகளில் தேறியவர்தாம்.

எனக்கு எல்லாரிலும் பிரியமான ரோரி கேலகர், கார்க் நகரத்தில் வளர்ந்து, பதினைந்து வயதில் ஃபாண்டானா என்ற ஷோபேண்டில் சேர்ந்தவர். ராயல் ஷோபேண்டைச் சேர்ந்த ஒருவர், தாம் கேட்ட சிவப்பு நிறத்தில் வரவில்லை என்று கைமாற்றிவிட்ட ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தாரை, 1963-ல் கார்க் நகரத்து வாத்தியக் கடையொன்றில் சுமார் 100 பவுனுக்குத் தவணையில் வாங்கினார். வியர்வையிலும் உழைப்பிலும் சாயமெல்லாம் உரிந்து மரம் தெரிய நின்ற அந்த வாத்தியத்தை, 1995-ல் காலமாகும் வரை அவர் கைவிடவேயில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில், வட அயர்லாந்தில் கத்தோலிக்கருக்கும் பிராடஸ்டண்டுகளுக்கும் இடையே மூண்ட கலவரத்தின் வெடிகுண்டுக்கு அஞ்சி வெளியூர்க் கலைஞர்கள் பெல்பாஸ்டை ஒதுக்கிய அந்தப் பயங்கர நாட்களில், இவர் ஆண்டுதோறும் அங்கே போய் வாசித்தார். பெல்பாஸ்ட், டப்ளின், கார்க் ஆகிய மூன்று நகரங்களிலும் மேற்கொண்ட சுற்றுப்பயணத்திலிருந்து பிறந்து 1974-ல் வெளிவந்த ‘ஐரிஷ் டூர் 74’ என்னும் இசைத்தட்டை, பிளவுண்ட தீவொன்று ஒரே மேளத்துக்குச் செவிசாய்த்ததன் சாசனமாகவே நான் கருதுகிறேன்.

அடுத்த ஆண்டு ஜூலை 31-ந் தேதி பின்னிரவில், வடபகுதியிலுள்ள பேன்பிரிட்ஜில் கச்சேரி முடித்து டப்ளினுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மயாமி ஷோபேண்டை, ராணுவ உடை தரித்துச் சோதனைச் சாவடி போட்டிருந்த ஆயுதக் கும்பல் வழிமறித்து, பாடகர் ஃபிரான் ஓ’டூல் உட்பட மூவரைக் கொன்றது. கத்தோலிக்கரும் பிராடஸ்டண்டுகளும் கலந்திருந்த குழு அது. அவர்கள் வாசிப்புக்கு நடனமாடியவர்களும் அவ்வாறே கலந்திருந்தவர்கள். தென்பகுதிக் குழுக்கள் பல அதன் பின் எல்லை தாண்ட அஞ்சின. கேலகர் மட்டும் பெல்பாஸ்டுக்குப் போய்க்கொண்டேதான் இருந்தார்.