ஓசிடி மாத்திரை: மூன்றாவது வாரத்தில் ஏன் நிறுத்தக் கூடாது?

போன வருஷம் என் அத்தை மகன் போன் பண்ணினான். "மச்சான், மூணு வாரமா மாத்திரை சாப்பிடறேன். கேஸை மூடிட்டேனான்னு இன்னும் இருபது தடவை பார்த்துட்டுத்தான் படுக்கறேன். நிறுத்திடலாம்னு இருக்கேன்."

"டாக்டரைக் கேக்காம நிறுத்தாதே" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டான். பதில் தெரியவில்லை. அதன் பிறகு படித்ததன் சுருக்கம்தான் இது. அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, புரோகிராம் எழுதுகிறவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஓசிடியில் இரண்டு பாகம். விடாமல் துரத்தும் எண்ணம் ஒன்று. அந்தப் பதற்றத்தைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் செயல் இன்னொன்று. செயல் என்றால் கை கழுவுவது மட்டுமில்லை. மனசுக்குள்ளேயே எண்ணுவதும் செயல்தான், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. "இது அர்த்தமில்லாத பயம்" என்று பலருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் விட முடியாது.

இதை அளக்க 1989-இல் வெளியான யேல்-பிரவுன் அளவுகோல் இருக்கிறது. 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 40. எதைப் பற்றிய பயம் என்பதற்கு மார்க் கிடையாது. எவ்வளவு நேரம் போகிறது, வேலை எவ்வளவு கெடுகிறது, எவ்வளவு வேதனை, எவ்வளவு எதிர்க்க முடிகிறது, எவ்வளவு கட்டுப்பாடு என்றுதான் கேட்கிறார்கள்.

முதலில் தருவது ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள். மனச்சோர்வுக்கும் இவைதான். ஆனால் ஓசிடிக்கு டோஸும் அதிகம், காத்திருப்பும் அதிகம். ஃப்ளுவாக்ஸெடின் மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் 20 மி.கி. போதும், ஓசிடிக்கு 40 முதல் 60 வரை போவது வழக்கம். அதை டாக்டர்தான் படிப்படியாக ஏற்றுவார். பலன் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய 8 முதல் 12 வாரம் வேண்டும். மூன்றாவது வாரத்தில் தீர்ப்பு சொல்வது, பாதி ஓடிய டெஸ்டை ஃபெயில் என்று எழுதுவது மாதிரி.

இன்னொரு விஷயம், "பலன்" என்ற சொல். ஆய்வுகளில் பொதுவாக 35% குறைந்தாலே பலன் என்று கணக்கு. 28-இல் இருந்தவர் 18-க்கு வந்தால் பலன். ஆனால் 18 என்பது இன்னும் நடுத்தரத் தீவிரம்தான். நோய் போய்விடவில்லை. சுமார் பாதிப் பேருக்கே முதல் மருந்தில் இந்த அளவாவது கிடைக்கிறது. டிக்ஸ் எனப்படும் திடீர் உடல் அசைவுகள் உள்ளவர்களுக்கும், பொருள் சேர்த்துக் குவிப்பவர்களுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மட்டும் போதாமல் போவதுண்டு.

அப்போது என்ன வழி? 2013-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. எஸ்.எஸ்.ஆர்.ஐ. எடுத்தும் போதுமான அளவு குறையாத 100 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். பயப்படும் சூழலைச் சந்தித்து, வழக்கமான செயலைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சை சேர்த்தவர்களில் 80% பேருக்கு 25%-க்கு மேல் குறைந்தது. ரிஸ்பெரிடோன் சேர்த்தவர்களில் 23%, வெற்று மாத்திரையில் 15%.

அத்தை மகன் நிறுத்தவில்லை. டாக்டர் டோஸை ஏற்றினார். பதினோராவது வாரம், "இப்ப அஞ்சாறு தடவைதான் மச்சான்" என்றான். குணமாகவில்லை. இப்போது அந்தப் பயிற்சிக்கும் போகிறான். ஒரு தடவை பார்த்துவிட்டுப் படுப்பதுதான் இந்த மாத வீட்டுப்பாடமாம்.